இப்போது பார்ப்பது: ரிக் 2

அக்டோபர் 29, செவ்வாய்

நாளை அப்பா வருகிறார்.

புது ஹார்ட் டிஸ்க்கை இன்று மாட்டி முடித்தேன். பழையது நிறைந்துவிட்டது. எல்லாவற்றையும் புதியதற்கு மாற்ற நேற்று போட்டது, இன்று மதியம்தான் முடிந்தது. நடுவில் கரண்ட் போய்விடுமோ என்று பயந்துகொண்டே இருந்தேன். போகவில்லை. அம்மா அதிரசத்துக்குப் பாகு காய்ச்சக் கூப்பிட்டாள். நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கிண்டினேன். பாகு முறுகிவிட்டது.

இந்தக் கம்ப்யூட்டர் நான் பதினொன்றாவது போவேன் என்று வாங்கியது. பத்தாவதில் கணக்கு போய்விட்டது. மறுபடி எழுதலாம் என்று டீச்சர் சொன்னார். அப்பா அப்போது ஆந்திராவில் இருந்தார். ஃபோனில், போனது போகட்டும், வீட்டில் அம்மாவுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்றார். எனக்கும் அது நல்லதாகத்தான் பட்டது. வகுப்பில் எழுந்து நின்றால் எனக்குப் பேச்சு வராது. சும்மா கிடந்த கம்ப்யூட்டரை ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வைத்து, யூடியூபைப் பார்த்துப் பார்த்து, டிவியிலும் ஃபோனிலும் வீடியோ பார்க்கிற மாதிரி சர்வர் போட்டேன்.

அம்மா அப்பா கல்யாணக் கேசட், என் காதுகுத்து, சித்திமார்களின் சீர், எல்லோருடைய மெமரி கார்டு, பென் டிரைவ், பழைய படங்கள், பாட்டு எல்லாம் இதற்குள் இருக்கின்றன. வருடம், விசேஷம், இடம் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறேன். சொந்தக்காரர்கள் யாருக்கு எது வேண்டுமானாலும் எனக்குத்தான் ஃபோன் செய்கிறார்கள். அந்த ஃபோனில் மட்டும் எனக்குப் பேச்சு நன்றாக வருகிறது.

அப்பாவுக்கு ஒரு கணக்கு தனியாகத் திறந்து வைத்திருக்கிறேன். இனி எந்தக் காட்டில் போர்வெல் வண்டி நின்றாலும் அவர் ஃபோனில் எங்களைப் பார்க்கலாம். இத்தனையும் அதற்காகத்தான் செய்தேன்.

அக்டோபர் 31, தீபாவளி

அப்பா எனக்குப் பச்சைச் சுடிதார் எடுத்து வந்திருந்தார். கை கொஞ்சம் பெரியது. வீடியோ நிறைய எடுத்தேன். அப்பா சங்குச்சக்கரத்தைத் தாண்டிக் குதிப்பது நன்றாக வந்திருக்கிறது. அம்மா வழக்கம்போல முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு, "அக்கட்டால போ, இந்தக் கோலத்துல என்னய எதுக்கு எடுக்கற" என்று விரட்டினாள். அம்மா எந்த வீடியோவிலும் முழுசாக இருந்ததில்லை.

நவம்பர் 2, சனி

அப்பா கிளம்பிவிட்டார். எங்கள் திருச்செங்கோட்டில் பாதி வீட்டில் இப்படித்தான். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் இங்கிருந்து கிளம்பி நாடு முழுக்க நிற்கின்றன. ஆண்கள் நோம்பிக்கு வந்து நோம்பி முடிந்து போவார்கள். அப்பாவுக்கு நோம்பி என்றால் தீபாவளி, பொங்கல், வைகாசியில் மலைத் தேர்.

போவதற்கு முன் சர்வரைக் காட்டினேன். அவருடைய ஃபோனில் போட்டுக் கொடுத்து, எங்கே தொடுவது, எப்படித் தேடுவது என்று சொன்னேன். அப்பா வாயில் விரலை வைத்துக்கொண்டு பார்த்தார். பக்கத்து வீட்டு மாமாவைக் கூப்பிட்டு, "என்ற புள்ள வூட்டுக்குள்ளயே டிவி ஸ்டேசன் வெச்சிருக்குது பாத்தியா மாப்ள" என்றார். நான் சமையல் அறைக்குள் போய்விட்டேன். உள்ளே போய்ச் சிரித்தேன்.

பிறகு தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு கணக்கு வேண்டும் என்றார். வண்டியில் வேலை செய்யும் பையன்களுக்கு. இரண்டாவது வண்டியில் இருப்பவர்கள். தெலுங்கு ஆட்கள், அதனால் தெலுங்கில் ஏதாவது போட முடியுமா, பொம்மைப் படம் மாதிரி இருந்தாலும் சரி என்றார்.

"பொம்மப் படங்களாப்பா?"

"வேல முடிஞ்சு வர்ற பசங்க. எதையாச்சும் பாத்துட்டுத் தூங்குவாங்க அம்முணி."

ரிக் 2 என்று பெயர் போட்டேன். பாஸ்வேர்டு சுலபமாக இருக்கட்டும் என்றார்.

நவம்பர் 9, சனி

தூரத்திலிருந்து யாராவது பார்த்தால் கம்ப்யூட்டர் அந்த வீடியோவை அவர்கள் ஃபோனுக்குத் தகுந்தபடி சின்னதாக்கிச் சின்னதாக்கி அனுப்ப வேண்டும். எங்களுடையது பழைய கம்ப்யூட்டர். அதற்கு மூச்சு வாங்கிவிடும், உள்ளே இருக்கும் ஃபேன் கத்தத் தொடங்கும். வீட்டு டிவியில் பார்த்தால் கத்தாது. அதனால் ஃபேன் கத்தினாலே எனக்குத் தெரிந்துவிடும், தூரத்தில் ஒருவர் நம் வீட்டுக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று.

இந்த வாரம் தினமும் சாயங்காலம் கத்துகிறது. பள்ளிக்கூட வேன்கள் எங்கள் தெருவுக்குள் வருகிற நேரத்துக்கு. ஓடிப்போய்ப் பார்ப்பேன், அப்பாவாக இருக்கும் என்று. திரையில் ஒரே வரிதான் இருக்கும். இப்போது பார்ப்பது: ரிக் 2.

எலியும் யானையும் சண்டை போடும் தெலுங்குப் பொம்மைப் படம். அதையே திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். வெயிலுக்குப் பயந்து இரவில் போர் போட்டுவிட்டுப் பகலில் ஓய்வெடுக்கிறார்களோ என்னவோ.

நவம்பர் 13, புதன்

அப்பா இன்னும் ஒன்றும் பார்க்கவில்லை. அங்கே சிக்னல் இருக்காது.

நவம்பர் 16, சனி

அம்மாவுக்கு ஃபேன் சத்தம் பிடிக்கவில்லை. மாவு மெஷின் மாதிரி என்ன இது, யார் இந்நேரத்துக்குப் பார்க்கிறது என்று கேட்டாள். அப்பா வண்டி ஆட்கள் என்றேன். முந்தானையில் கை துடைத்துக்கொண்டே திரையின் முன்னால் வந்து நின்றாள். யானை எலியின் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"தெலுங்கா?" என்றாள்.

"ஆமாங்."

அம்மா இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். அம்மா பொம்மைப் படம் பார்த்து நான் பார்த்ததே இல்லை. பிறகு அடுப்பில் பால் பொங்கி வழிந்ததும் போனாள்.

நவம்பர் 21, வியாழன்

ரிக் 2 எங்கள் வீட்டு வீடியோவைப் பார்க்கிறது.

என் தப்புதான். புதுக் கணக்கு திறக்கும்போது எந்தெந்த ஃபோல்டர் தெரிய வேண்டும் என்று கேட்கும். எல்லாவற்றிலும் டிக் போட்டுத்தான் அந்தப் பக்கமே வரும். நான் அதை எடுக்க மறந்துவிட்டேன். இப்போது யாரோ பையன்கள் நாங்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்பதையெல்லாம் பார்க்கிறார்கள்.

அப்பாவுக்கு ஃபோன் செய்து, வீட்டு ஃபோல்டரை மறைத்துவிடட்டுமா என்று கேட்டேன்.   "இருக்கட்டும் கண்ணு. பசங்க நம்ம ஊரு நோம்பியப் பாத்துட்டுப் போகட்டும்" என்றார்.

நவம்பர் 29, வெள்ளி

பாதியில் நிறுத்தின வீடியோவை மறுபடி திறந்தால் நிறுத்தின இடத்திலிருந்து ஓடும். யார் எங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். சர்வர் வைத்திருப்பவருக்கு எல்லாம் தெரியும்.

ரிக் 2 எதையும் முதலிலிருந்து பார்ப்பதில்லை. 2019 தீபாவளியில் கோலம், பலகாரம், நான் பாவாடையில் சுற்றிச் சுற்றி ஆடுவது எல்லாவற்றையும் தள்ளிவிடுகிறது. அப்பா குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு வருவார், அங்கிருந்து பார்க்கிறது. அப்பா நகர்ந்ததும் அதே இடத்துக்குத் திருப்பி வைத்து நிறுத்திவிடுகிறது. 2021 பொங்கலிலும் அப்படித்தான். தேரிலும் அப்படித்தான்.

இன்று 2016 பொங்கலைப் பார்த்தது. அதில் அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கரும்புக்கட்டைச் சுற்றி ஓடுவார். நான் அவர் முடியைப் பிடித்துக்கொண்டு கத்துவேன். சின்ன வீடியோ. நான் அழ வேண்டும் என்றால் அதைப் பார்ப்பேன். ரிக் 2 அதைப் பார்த்தது. முடிந்ததும் மறுபடி பார்த்தது. மறுபடி. ஃபேன் கத்திக்கொண்டே இருந்தது. எனக்குக் கம்ப்யூட்டரைக் காலால் உதைக்க வேண்டும் போல இருந்தது.

அது என் தோள்.

டிசம்பர் 4, புதன்

அப்பாவின் பெயருக்கு நேராக, கடைசியாகப் பார்த்தது நவம்பர் 2 என்று இருக்கிறது. நான் சொல்லிக்கொடுத்த அன்று.

டிசம்பர் 8, ஞாயிறு

ரிக் 2 பிடித்த வீடியோக்களை ஒன்றாகச் சேர்த்து ஒரு வரிசை செய்திருக்கிறது. எல்லாம் அப்பா வரும் வீடியோக்கள். வரிசைக்குத் தெலுங்கில் ஒரு பெயர். ஃபோன் கேமராவைக் காட்டினால் எந்த மொழியையும் படித்துச் சொல்லும். காட்டினேன். 'அப்பா' என்று வந்தது.

மேனேஜரை அப்பா என்று கூப்பிடுவார்கள் போலிருக்கிறது. தெலுங்கு ஆட்கள் பாசக்காரர்கள் என்று அப்பாவே சொல்லியிருக்கிறார்.

சாயங்காலம் சித்திக்கு அவள் மகன் காதுகுத்து வீடியோவை அனுப்பினேன். ரேஷன் கடைக்குப் போனேன். பாமாயில் வரவில்லை.

டிசம்பர் 18, புதன்

கணக்கு வைத்திருப்பவர்கள் தங்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வட்டத்துக்குள் படம் வைத்துக்கொள்ளலாம். என்னுடையது ஒரு பூனை. அப்பாவுக்கு நானே அவர் படத்தை வைத்தேன். ரிக் 2-க்கு ஒன்றும் இல்லாமல் இருந்தது. இன்று வந்திருக்கிறது.

ஒரு சின்னப் பெண். யூனிஃபார்ம், ரிப்பன் வைத்த ரெட்டைச் சடை, கழுத்தில் ஐடி கார்டு. முன்பல் ஒன்று இல்லை. பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிறார். வட்டத்தில் அவர் தலை வெட்டுப்பட்டுவிட்டது. பனியனும் மடித்துக் கட்டின கைலியும்தான் தெரிகிறது. அந்தப் பெண்ணின் பள்ளிக்கூடப் பையை அவர் தன் தோளில் மாட்டியிருக்கிறார். கையில் தண்ணீர் பாட்டில். கைக்கடிகாரத்தை முகப்பு உள்பக்கம் வரும்படி கட்டியிருக்கிறார்.

அப்பாவும் அப்படித்தான் கட்டுவார். நிறையப் பேர் அப்படிக் கட்டுவார்கள்.

டிசம்பர் 19, வியாழன்

மாவு அரைத்தேன். துணி துவைத்தேன். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

நேற்றும் இன்றும் ஒன்றைத் தேடினேன். எங்கள் வீட்டில் அப்பா கைலியும் பனியனுமாக இருக்கும் ஒரு வீடியோ. விசேஷம் இல்லாத நாளில். கேசட் காலத்திலிருந்து எல்லா ஃபோல்டரையும் திறந்து பார்த்துவிட்டேன். வேட்டி, புதுச் சட்டை, வேட்டி, புதுச் சட்டை. எல்லாவற்றிலும் பின்னால் வாழைமரமோ, கரும்போ, தேரோ இருக்கிறது. அப்பா புதன்கிழமை எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண்ணுக்குத் தெரியும்.

அவள் பையை அவர் தூக்குகிறார். என் பையை யாரும் தூக்கியதில்லை. நான் பத்தாவதில் தோற்ற ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், ஒரு தடவை வந்து டீச்சரைப் பாருங்கள் அப்பா என்று ஃபோனில் அழுதேன். வண்டியை விட்டு நகர முடியாது என்றார். அந்த ஜூனில் யாரோ ஒருத்தியைப் பள்ளிக்கூட வாசல்வரை கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அம்மாவிடம் சொல்ல முடியாது. அம்மாவுக்குத் தெரிந்தால் இந்த வீடு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. நேற்று இரவு ரசத்துக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். அம்மா அதையே ஊற்றிச் சாப்பிட்டாள்.

ஜனவரி 3, வெள்ளி

2019 தீபாவளியை எடுத்து வேறு இடத்தில் மறைத்து வைத்தேன்.

சாயங்காலம் ஃபேன் கத்தியது. திரைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டேன். ரிக் 2 அதைத் தேடியது. 2018 தீபாவளியைத் திறந்து மூடியது. 2020-ஐத் திறந்து மூடியது. காதுகுத்து, சித்தி கல்யாணம், தேர் எல்லாவற்றையும் திறந்து திறந்து மூடியது. ஒரு வீட்டில் அறை அறையாக ஓடிப் பார்க்கிற மாதிரி இருந்தது.

நன்றாகத் தேடட்டும் என்று நினைத்தேன். நான் தேடவில்லையா?

ஜனவரி 7, செவ்வாய்

இன்று என் தோள் வீடியோவையும் மறைத்தேன். ரிக் 2 வெகு நேரம் தேடியது. பிறகு எலியும் யானையும் படத்தைப் போட்டு, உடனே நிறுத்திவிட்டது. ஃபேன் அடங்கிவிட்டது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அரை டம்ளர் காபி அதிகமாகக் குடித்தேன்.

ஜனவரி 14, பொங்கல்

அப்பா நேற்றே வந்துவிட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன். கடிகாரம் உள்பக்கம்.

இன்று ஓர் அதிசயம். அம்மா கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்தாள், அந்த மாம்பழ நிறம். தலை நிறைய கனகாம்பரம். கேமரா என்றால் ஓடுகிறவள், "வாணி, ஃபோன எடுத்துட்டு வா. நல்லா வெளிச்சமா எடு" என்று அவளே கூப்பிட்டாள். அப்பாவைப் பக்கத்தில் நிற்க வைத்தாள். சர்க்கரைப் பொங்கலை அப்பாவை ஊட்டச் சொல்லி வாயில் வாங்கிக்கொண்டாள். அப்பா வெட்கப்பட்டார்.

"ஏம்புள்ள, இன்னிக்கு என்ன வந்துச்சு உனக்கு" என்றார்.

"நோம்பி நாளுங்க. எந்நேரமும் வர்ற நாளா?" என்றாள் அம்மா. கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். "போட்டுர்றயா கண்ணு, இன்னிக்கே?"

போட்டேன். அம்மா இப்படிச் சந்தோஷமாக இருப்பதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. இவளுக்கு ஒன்றும் தெரியாதே என்று.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். இன்று புதன்கிழமைதான், ஆனால் இதுவும் நோம்பி.

அப்பா கம்ப்யூட்டர் பக்கத்தில் வந்து நின்றார். ரிக் 2-இல் பழைய தீபாவளி ஒன்றைக் காணோமாம், பையன்கள் கேட்டார்களாம்.

"எந்தப் பசங்கப்பா?"

நான் அப்பாவை எதிர்த்துக் கேள்வி கேட்பது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அப்பா கடிகாரத்தைக் கழற்றினார், மறுபடி கட்டினார்.

"வண்டிப் பசங்கதான்."

"தேடிப் பாக்கறேங்கப்பா" என்றேன். அப்பா என் தலைமேல் கை வைத்தார். நான் குனிந்து வயரைச் சரிசெய்வது போல நகர்ந்துகொண்டேன்.

ஜனவரி 18, சனி

அப்பா நேற்றுப் போய்விட்டார்.

இன்று சாயங்காலம் ஃபேன் கத்தியது. புதுப் பொங்கலைத்தான் திறந்திருக்கிறாள் என்று பார்த்ததும் தெரிந்தது. அது ஓடத் தொடங்குவதற்குள் ரிக் 2 கணக்கை அழித்தேன். அழிக்கட்டுமா, திரும்ப வராது என்று கேட்டது. ஆம் என்றேன். பெயர் போனது. வரிசை போனது. பல் இல்லாத முகமும் போனது. அவள் நிறுத்தி வைத்திருந்த இடங்கள் எல்லாம் போயின.

ஃபேன் உடனே நிற்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அடங்கியது.

இப்போது அவளுக்குப் புதன்கிழமை மட்டும்தான். எனக்கு நோம்பி மட்டும். சரியாகப் போய்விட்டது.

ஜனவரி 19, ஞாயிறு

அப்பா ஃபோன் செய்தார். நான் எடுக்கவில்லை.

ஜனவரி 20, திங்கள்

இரண்டு தடவை. எடுக்கவில்லை.

சாயங்காலம் வேன்கள் வந்தன. ஹாலில் சத்தமே இல்லை. நான் ஏன் அந்த நேரத்துக்குக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து காம்பு பொறுக்கினேன். இதை நடந்தபடியே எழுத வேண்டும்.

"மூணு நாளா உன்ற டப்பா சத்தமே போடறதில்லியே கண்ணு."

ரிப்பேர் என்றேன்.

"டிவில படம் ஓடுதே."

நான் காம்பைப் பொறுக்கினேன்.

"ரிப்பேரா, நீ நிறுத்திப் போட்டயா?" அம்மா என்னைப் பார்க்கவில்லை. கீரையைத்தான் பார்த்தாள். "பள்ளிக்கோடம் வுட்டு வந்து அந்தப் புள்ள என்ன பண்ணும்?"

 எந்தப் பிள்ளை என்று கேட்டிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

"பேரு லாஸ்யா. நாலாவது படிக்குது" என்றாள் அம்மா. "உனக்குத் தெரிஞ்சா நீ தாங்க மாட்டீன்னு நானு வாயக் கட்டீட்டு இருக்கறேன். நீ என்னய நெனச்சு வாயக் கட்டீட்டு இருக்கற."

அம்மாவுக்கு வெகு காலமாகத் தெரியுமாம். வண்டி டிரைவர் ஒருவரின் மனைவி சொன்னாளாம். நான் மூன்றாவது படிக்கும்போது அம்மா என்னை அழைத்துக்கொண்டு சங்ககிரியில் மாமா வீட்டில் கொஞ்ச நாள் போய் இருந்தாள். ஏதோ காய்ச்சல், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். காய்ச்சல் இல்லை, இதுதான். பிறகு எனக்காகத் திரும்பி வந்தாளாம். அப்பாவிடம் இன்றுவரை கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்றைக்கு ஃபேன் கத்தும்போது திரையில் தெலுங்குப் பொம்மைப் படத்தைப் பார்த்தாளே, அப்போதே விளங்கிவிட்டதாம். அந்த வட்டப் படத்தையும் பார்த்திருக்கிறாள். நான் மொட்டை மாடியில் தொட்டி கழுவியபோது அவள் கீழே அதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

பிறகு அம்மா சட்டென்று நிமிர்ந்து, "பொங்கல் வீடியோவப் பாத்தாங்களா?" என்று கேட்டாள்.

புரியாமல் பார்த்தேன்.

"அவ ஆத்தாளும் கூட ஒக்காந்து பாப்பாதான? பாக்கட்டும்னுதான் அந்தப் பட்டக் கட்டுனேன். உங்கப்பனப் பக்கத்துல நிக்க வெச்சு ஊட்டச் சொன்னேன். நல்லா எடுன்னு உங்கிட்ட எத்தன தடவ சொன்னேன்?"

"அது ஓடறதுக்குள்ள நானு அழிச்சுட்டேங்மா" என்றேன்.

அம்மா கீரைக்கட்டைத் தரையில் வைத்தாள். எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் அம்மா சிரிக்கத் தொடங்கினாள். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். "கட்டுன சீலயெல்லாம் வீணாப் போச்சே" என்றாள். சிரிப்பு எந்த இடத்தில் மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. முந்தானையை எடுத்தபோது முகம் நனைந்திருந்தது.

"அவ ஆத்தா மேல எனக்கு ஆறாது. அது கெடக்கட்டும்" என்றாள். "அந்தப் புள்ள நோம்பி நாள்ல அப்பனப் பாத்தது இல்ல கண்ணு. பொறந்ததுல இருந்து ஒரு தீவாளிக்கும் பாத்தது இல்ல."

அப்போதுதான் எனக்குப் பேச்சு வந்தது.

"நானு மட்டும் புதங்கெழம பாத்திருக்கறனாம்மா?"

அம்மா என் கையிலிருந்த காம்புகளை வாங்கிக் குப்பையில் போட்டாள். பிறகு அவற்றில் ஒட்டியிருந்த இலைகளைக் குனிந்து தேடி எடுத்தாள்.

ஜனவரி 22, புதன்

மறுபடியும் கணக்கு திறந்தேன். அம்மா சொன்னதற்காக இல்லை. சொன்னதற்காகத்தான். தெரியவில்லை. ரிக் 2, அதே பாஸ்வேர்டு. பெயரை மாற்றலாமா என்று நினைத்தேன். எனக்குக் கை வரவில்லை.

மறைத்து வைத்திருந்த இரண்டையும் எடுத்துப் போட்டேன். ஆனால் அவள் நிறுத்தின இடங்கள் இல்லை. எல்லாம் முதலிலிருந்து ஓடும். அவள் கோலத்தையும் பலகாரத்தையும் தள்ளித் தள்ளித் தேட வேண்டும். அதனால் நானே ரிக் 2-ஆக உள்ளே போனேன். ஒவ்வொரு வீடியோவையும் ஓடவிட்டு, அப்பா வரும் இடத்தில் நிறுத்தினேன். 2019-இல் தலை துவட்டிக்கொண்டு வரும் இடம். 2021-இல் அடுப்புக்குக் குனிகிற இடம். தேரில் வடத்தைப் பிடிக்கிற இடம். எனக்கு எல்லாம் மனப்பாடம். அவளை அத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தேனே.

என் தோள் வீடியோவில் அப்பா முதலிலேயே வந்துவிடுவார். நிறுத்த வேண்டியதில்லை.

அப்பா ஃபோன் செய்தார். எடுத்து, "சரி பண்ணீட்டேங்கப்பா, பசங்ககிட்டச் சொல்லீருங்க" என்றேன்.  நான் வைத்துவிட்டேன்.

ஜனவரி 24, வெள்ளி

வேன்கள் வந்து கொஞ்ச நேரத்தில் ஃபேன் கத்தியது. நான் எழுவதற்குள் சமையல் அறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"வந்துட்டாளாட்ட இருக்குது."

"ஆமாங்."

"எது ஓடுது?"

"பொங்கலுங்."

"பட்டுச் சீலயா?"

"அதேதானுங்."

 தாளிக்கும் சத்தம் வந்தது. கடுகு இன்றைக்கு நிறைய வெடித்த மாதிரி இருந்தது.

ஜனவரி 29, புதன்

ரிக் 2 புதுப் படம் வைத்திருக்கிறாள்.

அதில் அவள் இல்லை. அப்பா மட்டும்தான். தலை வெட்டுப்படவில்லை. தண்ணீர்க் குழாய் ஓரம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, சின்னக் கண்ணாடியை முழங்காலில் வைத்துக்கொண்டு சவரம் செய்கிறார். ஒரு கன்னம் முழுக்க நுரை. கைலி. பனியனில் ஒரு கிழிசல். யாரோ கூப்பிட்டுத் திரும்பியிருக்கிறார், எதற்கு எடுக்கிறாய் என்கிற மாதிரி முகம். பின்னால் வாழைமரம் இல்லை, கரும்பு இல்லை. ஒரு கொடியில் சின்னதாக யூனிஃபார்ம் சட்டை காய்கிறது.

வெகு நேரம் பார்த்தேன். அப்பாவுக்குத் தாடையின் அடியில் நரைத்திருப்பது எனக்குத் தெரியவே தெரியாது. நோம்பிக்கு வரும்போது சவரம் செய்துகொண்டுதான் வருவார்.

படத்தை எடுத்துச் சேமித்துக்கொண்டேன். அதற்காக ஒரு புது ஃபோல்டர் திறந்தேன். வருடம், விசேஷம், இடம் என்றுதான் எப்போதும் பெயர் வைப்பேன். இதற்கு 'புதன்கிழமை' என்று வைத்தேன்.

யார் யாருக்குத் தெரிய வேண்டும் என்று கேட்டது. வழக்கம்போல எல்லாவற்றிலும் டிக் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்தேன். அப்பா, அம்மா, ரிக் 2.

என்னை மட்டும் விட்டுவைத்தேன்.